பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு

நாலு நாளா வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங் திடீர்னு கல்லாட்டம் இறுகிடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் சரியா இருக்கும். ஸ்டீயரிங்கை லேசாத் திருப்ப உதவுற எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் பம்ப் போச்சு, புதுசுதான் போடணும்னு கேட்டவங்கள்லாம் சொன்னாங்க. சரி, நாமளே கழட்டிப் பாப்போம்னு வாசல்ல பானெட்டைத் திறந்து வெச்சிருந்தேன்.

ஸ்கூட்டரை நிறுத்திட்டு நீங்க கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, எர்த் வயரைப் பாத்தீங்களா?" பம்ப்புல இருந்து கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி அது.

"மீட்டர்ல 12 வோல்ட்டுக்கு மேல காட்டுதே அண்ணே"ன்னேன். சிரிச்சீங்க. சும்மா கிடக்கும்போது அப்படித்தான் காட்டும், பம்ப் மோட்டார் கரன்ட் இழுக்கும்போது பாருன்னீங்க. எஞ்சினை ஓடவிட்டு நான் ஸ்டீயரிங்கை ஒடிக்க, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் மறு முனையை பம்ப்போட எர்த்லயும் வெச்சீங்க. கிட்டத்தட்ட 2 வோல்ட்! அவ்வளவும் பம்ப்புக்குக் கிடைக்காம எர்த் வழியிலேயே வீணாகுது. அரை வோல்ட்டே அதிகமாம்.

பேட்டரி கனெக்ஷனைப் பிரிச்சுட்டு எர்த் போல்ட்டைக் கழட்டினா, அடியில பச்சைப்பசேல்னு களிம்பு. உப்புத்தாள் போட்டு, இரும்பு பளிச்னு தெரியற வரைக்கும் தேய்ச்சீங்க. நான் ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு நின்னதோட சரி.

போல்ட்டை முறுக்கினதும் 0.1 வோல்ட். ஸ்டீயரிங் ஒத்தை விரல்ல சுத்துது. பம்ப் அதே பழைய பம்ப்தான்.

கை கழுவத் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டீங்க. பேர்கூடக் கேக்கலை. ரொம்ப நன்றி அண்ணே. உங்க மிச்ச உப்புத்தாள் என்கிட்டதான் இருக்கு.