கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் எங்கள் ஊர் இறகுப்பந்துக் கழகத்தின் வெள்ளி விழாவைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். படங்கள் நன்றாக வந்திருந்தன. ஆனால் எந்த வேறுபாடும் பார்க்காமல் எல்லோரையும் அரவணைக்கும் கழகம் என்று கடைசியில் ஒரு வரி இருந்ததே, அதைப் படித்த பிறகு எனக்குக் காப்பி இறங்கவில்லை. உங்கள் செய்தியாளர் அங்குள்ள பெண்கள் கழிப்பறையைத் திறந்து பார்த்தாரா?

நான் பார்த்திருக்கிறேன். கிழிந்த வலைகள், காலிப் பந்து டப்பாக்கள், சுருட்டி வைத்த பழைய ஃபிளெக்ஸ், நடுவில் ஒரு வாஷ்பேசின். சாவி செயலாளர் வீட்டில் இருக்கும். 13 வயதான என் மகள் மாதத்தில் நான்கு நாள் பயிற்சிக்குப் போவதில்லை. சோம்பல் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். காரணம் தெரிந்த அன்று அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

பெண்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், உண்மைதான். காலை 11 மணி முதல் 1 மணி வரை. அப்போது நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். மாலையில் நான்கு கோர்ட்டும் ஆண்களுக்கு. சிறுவர் பயிற்சிக்கு மட்டும் ஒரு மணி நேரம். 1990களில் நான் பள்ளி அணிக்குப் பூப்பந்து ஆடியபோதும் இதே கதைதான். பையன்கள் மைதானத்துக்குள் வந்துவிட்டால் நாங்கள் மட்டையை உறையில் போட வேண்டும். கல்யாணம் நிச்சயமான மாதம் அந்த மட்டை பரணுக்குப் போனது. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

என் தம்பிக்குச் சிறு வயதிலேயே போலியோவால் ஒரு கால் சூம்பிவிட்டது. மருமகள் ஆடுவதைப் பார்க்க ஆசையாக வந்தான். வாசலில் ஐந்து படி, கைப்பிடி கிடையாது. "தூக்கிவிடட்டுமா சார்?" என்று இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் 46 வயது மனிதன், தன் மருமகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சம்மதிப்பான்? "வேண்டாம்பா, வண்டியிலேயே இருக்கேன்" என்றவன், ஒன்றரை மணி நேரம் வெளியில் உட்கார்ந்து உள்ளே ஷூ கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் வென்றார்கள். மூவரும் நம் தமிழ்நாட்டுப் பெண்கள், மூவரும் ஆடியது இதே இறகுப்பந்து. அவர்கள் படம் போட்ட ஃபிளெக்ஸை அந்த ஐந்து படிகளுக்கு மேலேதான் கட்டியிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன், வீட்டுச் சுவரிலேயே பந்தடித்துப் பழகியவன், சேர்க்கைப் படிவத்தோடு அங்கே போனான். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள். தெருப் பெயரைச் சொன்னதும் இப்போதைக்கு இடமில்லை என்றார்கள். அடுத்த வாரமே வேறு இரண்டு பேர் சேர்ந்தார்கள். எங்கள் ஊரில் எந்தத் தெரு என்று எதற்காகக் கேட்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும் ஐயா. அந்த இடம் நகராட்சியுடையது. கூரை சட்டமன்றத் தொகுதி நிதியில் போட்டது. வாசல் கல்வெட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பையனின் அப்பா கட்டுகிற வரியும் அதில் சேர்ந்ததுதானே?

மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம், வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கு ஒரு கோர்ட், சேர்க்கைக்கு வருகிறவரிடம் தெருவைக் கேட்காமல் இருப்பது, இவ்வளவுதான் கேட்டிருந்தேன். பதில் இல்லை. செயலாளர் உங்கள் இதழை விடாமல் படிக்கிறவர். இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால், அந்தக் கழிப்பறையைக் காலிசெய்து சாவியை வாசல் ஆணியிலாவது மாட்டுவார் என்று நம்புகிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம். மகள் இன்னும் அங்கேதான் ஆடுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி