ஓத்ரீவில் என்ன இருக்கிறது?

அன்பு மகனுக்கு,

"அந்தப் பட்டிக்காட்டில் என்ன இருக்கிறது அப்பா? கனடாவுக்கே வந்துவிடுங்கள்" என்றாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிரான்ஸின் இந்தச் சின்ன ஊர் ஓத்ரீவில் ஏறக்குறைய 2,000 பேர் இருக்கிறோம். நல்ல மீன் வேண்டுமென்றால் அக்கா காரை எடுக்க வேண்டும். இந்தக் குறையையெல்லாம் உனக்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு தபால்காரர் தனியாளாகக் கட்டிய மாளிகை இங்கே இருக்கிறது, தம்பி. உங்கள் ஊரில் அது இல்லை.

அவர் பெயர் ஃபெர்தினான் ஷெவால். கமக்காரர் வீட்டுப் பிள்ளை. 1879இல், 43 வயதில், கடிதம் கொடுக்கப் போகும் வழியில் கல் ஒன்று காலைத் தடுக்கியது. அதன் வடிவம் மனதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் அதே இடத்தில் இன்னும் அழகான கற்கள். நாளுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்து தபால் கொடுப்பவர், வழியில் கற்களைக் குவித்து வைப்பார். வேலை முடிந்ததும் தள்ளுவண்டியோடு போய் ஏற்றி வருவார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுண்ணாம்பும் சீமெந்தும் குழைத்துக் கட்டுவார். நான் பாரிஸில் உணவகச் சமையலறையில் நின்று தேய்ந்தவன். வேலை முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதே பெரும்பாடு. இந்த மனிதரோ 1912 வரை, 33 வருடம், கட்டிக்கொண்டே இருந்தார். ஊரார் பைத்தியம் என்றார்கள். உழைத்த தள்ளுவண்டிக்கு மாளிகைக்குள்ளேயே ஒரு மாடம் கட்டி வைத்தார் பார், அதுதான் மரியாதை.

மாளிகை 26 மீட்டர் நீளம். கிழக்கே சீசர், அவனை எதிர்த்துப் போரிட்ட கோல் இனத் தலைவன் வெர்சன்ஜெட்டோரிக்ஸ், ஆர்க்கிமிடீஸ் என்று மூன்று ராட்சத உருவங்கள். மேற்கே பள்ளிவாசல், சுவிஸ் மலைவீடு, வெள்ளை மாளிகை. அவற்றின் வரிசையில் ஓர் இந்துக் கோயிலும் உண்டு. படப் பத்திரிகைகளிலும் தபால் அட்டைகளிலும் கண்டதை வைத்துக் கட்டியது. கோபுரமும் இல்லை, கொடிமரமும் இல்லை. நல்லூரைக் கண்ட கண்ணுக்குச் சிரிப்புத்தான் வரும். அம்மா மட்டும் அதன் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கலாசார அமைச்சின் அதிகாரிகளுக்கு அது வெறும் அசிங்கம். அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அந்த அதிகாரிகளின் பேச்சைக் கேட்காமல் 1969இல் அதை வரலாற்றுச் சின்னமாக்கினார். இன்று கடைத்தெருவில் நாலு காசு புழங்குவது அந்தப் பைத்தியக்காரரின் புண்ணியம்.

எனக்குப் பிடித்தது மாளிகையல்ல, அவருடைய கல்லறை. மாளிகைக்குள்ளேயே தன்னை அடக்கம் செய்ய வேண்டுமென்று அவருக்கு ஆசை, அனுமதி கிடைக்கவில்லை. மகள் அலிஸ் 1894இல், 15 வயதில் போய்விட்டாள். 1912இல் மகனும் போய்விட்டான். அதற்குப் பிறகு, 1914இல், 78 வயதில், ஊர்ச் சவக்காலைக்குக் கல் சுமக்கத் தொடங்கினார். எட்டு வருடத்தில் தன் கல்லறையைத் தானே கட்டி முடித்தார். 1924இல் இறந்து அதற்குள் போய்ப் படுத்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவருக்கு அந்தக் கையில் எப்படி வலு வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாலையில் நடக்கப் போனால் என் கால் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. மாளிகைக்கு அக்கா டிக்கெட் எடுப்பாள்; சவக்காலைக்கு நான் கூட்டிப்போகிறேன். கனடாப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா