கண்ணாடி இறக்கைப் பூச்சிகள்: பட்டியல் போடும் நண்பருக்கு

அன்புள்ள ராகவன்,

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் உள்ள கண்ணாடி இறக்கைப் பூச்சிகளுக்கும் (lacewings) அவற்றின் உறவுகளுக்கும் பட்டியல் போடப்போவதாக எழுதியிருந்தாய். செய்யவேண்டிய வேலைதான். ஆனால் பழைய கட்டுரைகளில் இருக்கும் பெயர்களைத் திரட்டித் தொடங்காதே. பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கு.

‘கிரைசோபெர்லா கார்னியா’ என்ற பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் கதை உனக்குத் தெரியும். நம் நாட்டுக் கட்டுரைகளில் வெகுகாலம் அந்தப் பெயரில் வலம்வந்தது கார்னியாவே அல்ல. ஸ்டீஃபன்ஸ் 1836-இல் பெயர் வைத்த அந்த இனம் ஐரோப்பாவுடையது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பல இனங்கள் அந்த ஒரு பெயருக்குள் கிடந்தன. ஆணும் பெண்ணும் வயிற்றை அதிரவைத்து, இலை, தண்டு வழியாக மாறி மாறிச் சேதி அனுப்புகின்றன. அந்த அதிர்வு பொருந்தாவிட்டால் இணை சேராது. ஹென்றி, புரூக்ஸ், டூயெல்லி முதலான ஆய்வாளர்கள் இந்த அதிர்வுகளைப் பதிவுசெய்துதான் இனங்களைப் பிரித்தார்கள். நம் வயல்களில் இருப்பது கிரைசோபெர்லா ஜாஸ்ட்ரோவி சில்லெமி என்று 2010-இல் தெளிவானது. அதன் பரவல் மத்திய கிழக்கிலிருந்து இந்தியா வரை. ஜாஸ்ட்ரோவியின் மூலத் துணையினம் தெற்கு ஆப்பிரிக்காவில். ஆகவே பழைய கட்டுரையில் ‘கார்னியா’ என்று இருந்தால், மாதிரி கையில் கிடைக்கும்வரை ‘கார்னியா குழு’ என்று மட்டும் குறித்து வை.

பேரினப் பெயர்களில் குழப்பம் இதைவிட அதிகம். தோப்பில் நீ அதிகம் பார்க்கப்போகும் ‘ஆஸ்டர்’ இனத்தை மல்லாடா, டைக்கோகிரைசா, சூடோமல்லாடா என்று பல பெயர்களில் காண்பாய். 2021-இல் சூடோமல்லாடாவை அபெர்டோகிரைசாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். அபெர்டோகிரைசா 1966-இல் ட்யேடர் வைத்த பெயர், முந்தியது என்பதால் அதுவே நிலைத்தது. மூன்று பெயரையும் மூன்று இனமாக எண்ணிய பட்டியல் வந்தால் ஆச்சரியப்படாதே. ஸ்பெயின் நாட்டு நவாஸ் பாதிரியார் இந்தப் பூச்சிகளுக்கு வைத்த பெயர்களிலும் கவனம் தேவை. உலகெங்குமிருந்து வந்த மாதிரிகளுக்கு மனிதர் சளைக்காமல் பெயர் வைத்தார். வர்ணனை மட்டும் நாலு வரி. அவற்றில் கணிசமானவை பின்னால் வேறு பெயர்களுக்குள் அடங்கிப்போயின.

இனி மேசை வேலை. முதலில் குடும்பம். பச்சை நிறத்தை மட்டும் நம்பாதே, காய்ந்தால் மஞ்சளாகிவிடும். உணர்கொம்பு நூல் போல நீண்டு, முன்னிறக்கையின் மேல்விளிம்புக் குறுக்கு நரம்புகள் கிளை பிரியாமல் இருந்தால் கிரைசோபிடே, அதாவது பச்சை வகை. உணர்கொம்பு மணி கோத்தது போலவும், அந்த நரம்புகளில் பல கவைத்தும் இருந்தால் ஹெமரோபிடே, அதாவது பழுப்பு வகை. முட்டையிலும் வித்தியாசம் உண்டு: பச்சை வகை பெரும்பாலும் காம்பின் நுனியில் இடும், பழுப்பு வகை காம்பில்லாமல் இலையோடு ஒட்டி இடும். ஹவாய்த் தீவுகளின் அனோமலோகிரைசா பச்சை வகையாக இருந்தும் காம்பு வைப்பதில்லை. அந்த விலக்கு நம் தோப்புக்கு வராது.

அடுத்தது பேரினம். முன்னிறக்கையின் உட்பாதியில், நடு நரம்பை ஒட்டி முட்டை வடிவில் ஒரு சிறு அறை இருக்கும். மேலிருந்து இறங்கும் முதல் குறுக்கு நரம்பு எங்கே விழுகிறது என்று பார். அறையின் மேலேயே விழுந்தால் மல்லாடா, அபெர்டோகிரைசா பக்கம் போ. அறையின் நுனியைத் தாண்டி விழுந்தால் கிரைசோபெர்லா. நுனியிலேயே தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு இறக்கையையும் பார்த்துவிட்டு, ஆண் உறுப்புக்குப் போய்விடு. ஊகம் வேண்டாம்.

அதற்கு வயிற்றின் பின்பாதியை வெட்டி 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு, குழாயை வெந்நீரில் நிறுத்து. பத்து நிமிடம் போதும். அதற்குள்ளும் இரண்டு முறை எடுத்துப் பார். அன்று வெளிவந்த இளம் பூச்சியின் தோல் இறுகியிருக்காது, சீக்கிரம் கரைந்து கையில் ஒன்றும் மிஞ்சாது. பிறகு தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டுக் காரத்தை முறித்து, கிளிசரினில் வைத்துப் பார். கோனாப்சிஸ் என்ற தகடு இருந்தால் கிரைசோபெர்லா அல்ல. பார்த்து முடித்ததும் கிளிசரின் சிறுகுப்பியில் போட்டு அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே குத்தி வை. தனி டப்பாவில் வைத்தால் எது யாருடையது என்று பின்னால் தெரியாது.

முகத்தில் உள்ள சிவப்பு, கறுப்புக் கோடுகள் இனம் பிரிக்க முக்கியம். மாதிரியைப் போட்டுவைக்கும் சாராயத்தில் (எத்தனால்) சிவப்பு நிற்காது. பிடித்த அன்றே முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துவிடு.

புழுக்களை விட்டுவிடாதே. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தபின், தென்னை ஓலையின் அடியில் வெள்ளை மெழுகு அப்பிக் கிடக்கிறது. ஆஸ்டரின் புழு அந்த மெழுகையும், தான் உறிஞ்சிப் போட்ட கூடுகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். முதுகுப் புடைப்புகளில் இருக்கும் கொக்கி மயிர்களில் சுமை மாட்டிக்கொள்ளும். ஓலையைப் பார்த்தால் மெழுகுத் துணுக்கு ஒன்று நகர்வது போல் இருக்கும்; பஞ்சைத் தூரிகையால் நீக்கினால்தான் அரிவாள் தாடை தெரியும். கிரைசோபெர்லா புழு எதையும் சுமக்காது, சட்டென்று கண்ணில் படும். புழுவை மட்டும் எண்ணிவிட்டு ‘கிரைசோபெர்லாதான் அதிகம்’ என்று எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

வெள்ளை ஈ மாதிரிக்குள் கோனியோப்டெரிஜிடே என்ற உறவுக் குடும்பத்துப் பூச்சியும் கலந்து வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர், உடலெல்லாம் வெள்ளை மாவு. வெள்ளை ஈக்கு உறிஞ்சும் அலகு, பாதத்தில் இரண்டு கணு. இதற்குக் கடிக்கும் வாய், ஐந்து கணு, நீண்ட உணர்கொம்பு. 40 மடங்கு உருப்பெருக்கத்தில் பாதத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சிகளுக்கு உறவான குழிநரியையும் (antlion) ஆந்தை ஈயையும் (owlfly) ஒரே குடும்பமாக்க 2019-இல் ஒரு குழு எழுதியதைப் பார்த்திருப்பாய். எல்லாரும் ஏற்கவில்லை. நான் தனித்தனியாகவே வைப்பேன், அடிக்குறிப்பு போட்டு. களத்தில் உணர்கொம்பு போதும்: குழிநரிக்குக் குட்டையாக, நுனி தடித்து, ஆந்தை ஈக்கு நீண்டு, நுனியில் குமிழ். குழி இல்லாத மணலையும் சலித்துப் பார், ஏனென்றால் குழிநரி இனங்களில் பெரும்பாலானவை குழியே பறிப்பதில்லை.

இந்தப் பூச்சிகள் எங்கே தோன்றி எப்படிப் பரவின என்று நீ கேட்டதற்கு வருகிறேன். இன்றைய வரைபடத்தைப் பார்த்து மூலம் சொல்லாதே. இவற்றின் உறவுக் குடும்பங்களில் நிம்ஃபிடே இன்று ஆஸ்திரேலியா, நியூகினியில் மட்டும். சைகாப்சிடே தெற்கு ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா என்று மூன்று துண்டாக நிற்கிறது. உடனே கோண்ட்வானா என்ற பழைய தென்பெருங்கண்டம் உடைந்ததால்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டு குடும்பத்தின் உறவுகளும் வட ஐரோப்பாவின் பால்டிக் ஆம்பரில், அதாவது கல்லாகிப்போன பழைய மரப்பிசினில், கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் வடக்கிலும் இருந்து, அங்கே அழிந்து, மிச்சம்தான் தெற்கில் நிற்கிறது. இன்னோர் உறவான பாம்பு ஈக்கள் (snakeflies) இதற்கு நேர் எதிர்: இன்று வட அரைக்கோளத்தில் மட்டும்தான் இருக்கின்றன. வளர்ச்சி முடிய அவற்றுக்குக் குளிர் வேண்டும், இந்தியாவில் இமயமலைப் பக்கம்தான் தேடவேண்டும். ஆனைமலையில் கிடைத்ததாக யாராவது சொன்னால் மாதிரியைக் கேள்.

நம் மாவட்ட அளவில் தொல்லை வேறு. விளக்குப் பொறி வைத்த ஆராய்ச்சிப் பண்ணைகளைச் சுற்றியே புள்ளிகள் குவிந்திருக்கும். அது பூச்சியின் பரவல் அல்ல, பிடிப்பவர்களின் பரவல். அதனால் விளக்கோடு வலைவீச்சும், கிளைக்குக் கீழே துணி விரித்துத் தட்டுவதும் சேர்த்துச் செய். ஒன்றும் கிடைக்காத தோப்பையும், அங்கே எவ்வளவு நேரம் தேடினாய் என்பதையும் குறிப்பேட்டில் ஏற்று. சீட்டில் தோப்பின் பெயர், உயரம், தேதி, பிடித்த முறை, எந்த மரம், எந்த இரை எல்லாம் இருக்கட்டும். பென்சிலில் எழுது, பேனா மை சாராயத்தில் ஓடிவிடும்.

எனக்கு மாதிரி அனுப்பும்போது வளர்ந்தவற்றில் பாதியை ஊசியில் குத்தியும், மீதியை 95% எத்தனாலிலும் வை. டிஎன்ஏ எடுக்க அது வேண்டும். புழுவுக்கு 80% போதும். ஆஸ்டர் என்று நீ நினைப்பதில் ஆண்களாகப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
கதிரேசன்