கொடையாளர் குருதியில் மட்டும் தேடினால் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

இரத்ததான முகாம்களில் பெறப்படும் குருதியில், குருதிவழி பரவி ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சீ வைரஸ் தொற்று மிக அரிதாகவே காணப்படுவதைச் சுட்டி, இந்நோய் எமக்கொரு பிரச்சினையே அல்ல என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறேன். குருதி கொடுக்க வருபவர் வினாக்கொத்தால் வடிகட்டப்பட்டவர். போதைப்பொருளை ஊசியால் ஏற்றுபவர் அந்த வரிசையில் நிற்பதில்லை. ஆகவே அக்கணக்கு கொடையாளரைப் பற்றியதே தவிர, ஊரைப் பற்றியதன்று.

இந்த வைரஸ் இனங்காணப்பட்டது 1989இல்தான். அதற்கு முன் தாதியராகப் பயிற்சி பெற்ற நாங்கள், கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்து, சூடு ஆறுமுன்பே அடுத்தவருக்கு மருந்தை நிரப்பியிருக்கிறோம். எகிப்தில் பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணிப் புழு நோய்க்கு அரசே நடத்திய ஊசி மருந்து இயக்கத்தில், சரிவரக் கிருமிநீக்கம் செய்யாத சிரிஞ்சுகளாலேயே இத்தொற்று பெருமளவில் பரவியதென்பது பின்னாளில் ஆய்வுகளால் தெரியவந்தது. 2018இல் அந்நாடு கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, தொற்றுள்ளோருக்குச் சிகிச்சையளிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது.

எம்மவர் ஈரல் நோயென்றால் கண் மஞ்சளாவதையே எதிர்பார்ப்பார்கள். செங்கண்மாரி என்றால் கீழ்க்காய்நெல்லியைத் தேடுவார்கள். இந்நோயோ பெரும்பாலும் எந்த அறிகுறியுமின்றி இருபது, முப்பது ஆண்டுகள் ஈரலை அரித்து, சிலருக்கு அதைச் சுருக்கிவிடும். தடுப்பூசி இல்லை. ஆனால் ஏறத்தாழ 12 வாரங்கள் மாத்திரை உட்கொண்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள் என்பதால், தேடிக் கண்டுபிடிப்பதில் பயனுண்டு.

எனவே சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்கு உட்படுவோர், அடிக்கடி குருதி ஏற்றவேண்டிய தலசீமியா நோயாளர், சிறையில் இருப்போர், ஊசியால் போதைப்பொருள் ஏற்றுவோர் ஆகியோரிடையே வடமாகாணத்தில் முறையான ஆய்வுகள் நடத்தப்பட வேண்டும். எப்படி நடத்துவது என்பதில்தான் சிக்கல். சென்ற ஆண்டு, முழங்கை மடிப்பில் சீழ்பிடித்த புண்ணோடிருந்த அயல்வீட்டு இளைஞன் ஒருவனை ஒரு சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிச் சென்றேன். படிவம் நிரப்பியவர், வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஊசி போடுறனியோ?" என்றார். அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "ஓமெண்டு சொன்னா பொலிசுக்குப் போகுமோ அன்ரி?" என்று என் காதோடு கேட்டான், மருந்து கட்டாமலே எழுந்து போனான்.

இப்படிப்பட்டவர்களிடம் செல்லும் ஆய்வாளர்கள் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணையே பதிய வேண்டும்; அது பொலிசாரின் கைக்குப் போகாதென்ற உறுதியையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி இருப்பதாகக் காட்டும் முதற் பரிசோதனை, இப்போதும் வைரஸ் உடலில் உள்ளதென நிறுவாது. சுமார் பத்தில் மூவருக்கு வைரஸ் தானாகவே நீங்கிவிடுகிறது. ஆதலால் வைரஸின் மரபுப்பொருளையே தேடி உறுதிப்படுத்தும் ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு, இன்னொரு நாள் வரச்சொல்லி அலைக்கழிக்காமல், அன்றே குருதி எடுத்துக்கொள்வது நல்லது. மாத்திரை கிடைக்கும் வழியையும் ஆய்வு தொடங்குமுன்பே ஒழுங்குசெய்துவிட வேண்டும். நோய் இருக்கிறதென்று சொல்லிவிட்டுத் தரவை மட்டும் கொண்டுபோவதற்காக அந்த இளைஞன் இன்னொரு முறை கையை நீட்டமாட்டான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
யாழ்ப்பாணம்.