டார்க் ரெஞ்ச் இறுக்கறத தானா நிறுத்தாது, கிளிக் வரலைன்னா குப்பைக்கும் போகவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க வாகனப் பக்கத்துல வீல் நட்டு இறுக்கறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்ல விஷயம்தான், நட்டை எவ்வளவு முறுக்குல இறுக்கணுமோ அந்த அளவ வெச்சுக்கிட்டு, அளவு வந்ததும் கிளிக்னு சத்தம் குடுக்கற டார்க் ரெஞ்ச்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றதுக்கே நம்ம ஊர்ல ஆள் கம்மி. ஆனா அதுல ரெண்டு வரி என்னைத் தூங்க விடல. ஒண்ணு, வெச்ச அளவு வந்ததும் ரெஞ்ச் அதுக்கு மேல இறுக்காம தானா நிறுத்திடும்னு போட்டிருந்தீங்க. இன்னொண்ணு, கிளிக் சத்தம் சரியா வரலைன்னா அது முடிஞ்சு போச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னு போட்டிருந்தீங்க. ரெண்டுமே தப்புங்க. முதல் வரிய நம்பினா போல்ட்டு போகும், ரெண்டாவது வரிய நம்பினா நாலாயிரம் அஞ்சாயிரம் ரூபா சாமான் பழைய இரும்புக்குப் போகும். நான் 30 வருஷம் கணபதியில மோட்டார் பம்ப் அசெம்ப்ளியில ஃபிட்டரா இருந்தவன், இப்ப வீட்டுல சும்மா இருக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், இடம் இருக்கற அளவு போட்டுக்கோங்க.

முதல்ல அது உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். வெளிய பாக்க ஒரு குழாய், முன்னாடி சாக்கெட் மாட்டற தலை, பின்னாடி திருகற கைப்பிடி, அவ்வளவுதான். அந்தத் தலை குழாயோட ஒட்டிக்கிட்டு இல்லைங்க. ஒரு பின் மேல லேசா ஆடற மாதிரி தொங்குது, அதோட வால் குழாய்க்குள்ள கொஞ்ச தூரம் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த வால் நுனிக்கும் பின்னாடி இருக்கற கெட்டியான ஸ்பிரிங்குக்கும் நடுவுல சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன இரும்புக் கட்டை, சில மாடல்ல கட்டைக்குப் பதிலா உருளை இருக்கும். கைப்பிடிய திருகினா ஸ்பிரிங் அமுங்கும், ஸ்பிரிங் கட்டைய அழுத்தும், கட்டை வால அழுத்திப் பிடிச்சுக்கும். ஒரு செங்கல்ல செங்குத்தா நிக்க வெச்சு மேல கையால அழுத்திக்கிட்டு, அடியில பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. மேல எவ்வளவு அழுத்தறோமோ அந்த அளவுக்கு அது சாயாம நிக்கும், தள்ளறது ஒரு அளவைத் தாண்டினா டக்குனு சாஞ்சிடும். இங்கயும் அதேதான். நட்டு இறுகி இறுகி எதிர்ப்பு கூடும்போது வால் பக்கவாட்டுல தள்ளுது, ஸ்பிரிங் பிடிக்கற அளவு தாண்டினதும் கட்டை சாயுது, வால் போய் குழாய் சுவத்துல அடிக்குது. நமக்குக் கேக்கற கிளிக் அந்த அடிதான்.

இப்பப் புரியுதுங்களா, வால் சுவத்துல அடிச்ச அப்புறம் என்ன ஆகும்? தலையும் குழாயும் இரும்போட இரும்பா முட்டிக்கிட்டு நிக்குது, அதுக்கு மேல நீங்க இழுத்தா சாதா ஸ்பானர் மாதிரி அப்படியே இறுக்கிக்கிட்டே போகும். எதுவும் நிறுத்தாது. கிளிக்குங்கறது ஒரு சேதி மட்டும்தான், நிறுத்தவேண்டியது நம்ம கை. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு தடவை மூணு தடவை கிளிக் கிளிக்னு இழுக்கறவங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் கூட இறுக்கறாங்க. வழுக்கற வகை ஒண்ணு இருக்கு, அது அளவு வந்தா நழுவிடும், ஆனா அது தனி வகை, நம்ம கடைகள்ல கிடைக்கறது பெரும்பாலும் கிளிக் வகைதான்.

இந்த ரெஞ்ச் கார்காரங்களுக்காக வந்ததுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. 1918-ல நியூயார்க் தண்ணி சப்ளை டிபார்ட்மெண்ட்ல வேலை பாத்த கான்ராட் பாஹ்ர்ங்கறவரு, பைப் போல்ட்டுகளை ஆளுக்கு ஆள் அளவு தெரியாம இறுக்கறதப் பாத்து செஞ்சதுன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பிரச்சனை இன்னைக்கும் நம்ம தெரு ஒர்க்‌ஷாப்புல அப்படியே இருக்கு. பைப்பை மாட்டி ஏறி மிதிச்சு இறுக்கறது, இல்லைன்னா ஏர் கன்ல டர்ர்ருனு ஒரே அடி. முறுக்க அளக்கறது நியூட்டன் மீட்டர்ங்கற கணக்குல. டொயோட்டா கார் பலதுல வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா பலதுல 108, ஹூண்டாய் பழைய மாடல் பலதுல 88-ல இருந்து 107 வரைக்கும், புது மாடல்ல அதைவிடக் கூட இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும், வண்டியோட புக்கைப் பாத்துக்கணும். 100 நியூட்டன் மீட்டர்னா என்னன்னு கையால உணரணும்னா, நட்டுல இருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒண்ணு தொங்கற பாரம், அவ்வளவுதான். ஏறி மிதிக்கற வேலையே இல்லைங்க அதுல.

இந்தக் கணக்க நான் முன்னாடியே யோசிச்சிருந்தா எனக்கு ஒரு நஷ்டம் வந்திருக்காது. ரெண்டு வருஷம் பொட்டியிலயே கிடந்த என்னோட ரெஞ்ச எடுத்து, பையனோட காருக்கு ஆயில் மாத்திட்டு, அடியில ஆயில் வடிக்கற டிரெய்ன் போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர் வெச்சு இறுக்கினேன். கிளிக் வரும் வரும்னு இழுத்தேன், வரல, இன்னும் கொஞ்சம் இழுத்தேன், திடீர்னு கை லேசாச்சு. மரை போயிடுச்சு. ஆயில் நிக்கற தொட்டி, சம்ப்புன்னு சொல்லுவாங்க, அது அலுமினியமுங்க, அதோட மரை இரும்பு மாதிரி தாங்காது. லேத்துக்குத் தூக்கிட்டுப் போய் ஹெலிகாயில்ங்கற கம்பிச்சுருள் மரை உள்ள போட்டு வாங்கிட்டு வந்தேன், பையன் ஒரு வார்த்தை சொல்லல, ஆனா எனக்கு மனசு ஆறல. 40-க்கு கைப்பிடியில 10 கிலோ இழுப்பு போதும், நான் 20 கிலோவுக்கு மேல இழுத்திருப்பேன், அங்கயே நிறுத்தியிருக்கணும்.

அன்னிக்கு ராத்திரியே ரெஞ்ச கழட்டினேன். ஸ்பிரிங்கும் நல்லா இருந்துச்சு, கட்டையும் நல்லா இருந்துச்சு. கிரீஸ்தான் காஞ்சு மெழுகு மாதிரி ஆகி, கட்டை சாய முடியாம ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்த வரைக்கும் கிளிக் வரலைங்கற ரெஞ்ச் பாதிக்கு மேல இதுதான் காரணம். முடிஞ்சு போச்சுன்னு தூக்கிப் போடவேண்டாம்னு நான் சொல்றது இதனாலதான்.

கழட்டறதுக்கு முதல்ல அளவ ஸ்கேல்ல இருக்கற கடைசி கோட்டுக்கு இறக்கிடணும், ஸ்பிரிங் அமுங்கி இருக்கும்போது கை வெக்கவே கூடாது, கண்ணாடி போட்டுக்கோங்க. அப்புறம் கைப்பிடியும் குழாயும் சேர்ற இடத்துல மார்க்கர் பேனாவால ஒரு கோடு. இது ரொம்ப முக்கியம், திரும்ப மாட்டும்போது கைப்பிடி ஒரு பல்லு தள்ளி உக்காந்தா கூட ஸ்கேல் பூரா பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். கீழ இருக்கற லாக் குமிழ கழட்டி, உள்ள இருக்கற நட்டையோ திருகையோ எத்தனை சுத்து வந்துச்சுன்னு எண்ணி எழுதி வெச்சுக்கிட்டு கழட்டணும். தலைப்பக்கம் இருக்கற பின்ன பஞ்ச் வெச்சுத் தட்டி எடுத்தா தலை, கட்டை, அதுக்குப் பின்னாடி தள்ளற துண்டு, ஸ்பிரிங்னு வரிசையா வெளிய வரும். நான் உங்க பேப்பரத்தான் விரிச்சு அது மேல வந்த வரிசையிலயே அடுக்கி வெச்சேன், போன்ல வீடியோவும் எடுத்தேன். கட்டை எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்துச்சுங்கறத மட்டும் கண்டிப்பா போட்டோ எடுத்துக்கோங்க, திருப்பி வெச்சா கிளிக்கே வராது, இல்ல தப்பான அளவுல வரும்.

மண்ணெண்ணெயில இல்லைன்னா டீசல்ல எல்லாத்தையும் நல்லா கழுவி, துணியில துடைச்சு, காயவிடணும். கட்டையோட முனைகள்லயோ வால் நுனியிலயோ பள்ளம் விழுந்திருந்தா, ஸ்பிரிங் வளைஞ்சிருந்தா, அப்ப அந்த ரெஞ்ச நம்பவேண்டாம். ராவி சரி பண்ணவும் போகாதீங்க, அந்த முனையோட வடிவம்தான் அளவையே தீர்மானிக்குது. நல்லா இருந்தா, ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில ஆக்ஸில் ஜாயிண்டுக்குப் போடற கருப்பு மாலி கிரீஸ் கிடைக்கும், அதை மெல்லிசா கட்டை ரெண்டு பக்கமும், தள்ளற துண்டு மேலயும், ஸ்பிரிங் மேலயும் தடவுங்க. தலைக்குள்ள ஒரு பக்கம் மட்டும் பிடிக்கற பல்லு சக்கரம், அந்த ராட்செட்டுக்கு கிரீஸ் வேண்டாம், தையல் மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு போதும், கிரீஸ் போட்டா உள்ள இருக்கற பல்லு சரியா விழாது.

மாட்டிட்டு நேரா வண்டியில போய் வெக்காதீங்க, சோதிக்கணும். இதுக்கு மெஷின் ஒண்ணும் வேண்டாங்க. ரெஞ்சோட சதுர முனைய வைஸ்ல கடிக்க வெச்சு, ரெஞ்ச் படுக்கை வசத்துல நேரா நிக்கற மாதிரி பாத்துக்கிட்டு, கைப்பிடி நடுவுல கயிறு போட்டு எடை தொங்கவிட்டா போதும். எடைக்கு நான் தெருமுனை காய்கறி மண்டியில 10 கிலோ எடைக்கல் ரெண்டு இரவல் வாங்கினேன், அதுல 2 வருஷத்துக்கு ஒருக்கா சர்க்கார் முத்திரை போடறாங்க, அதைவிட நம்பிக்கையான எடை வீட்டுல எங்க கிடைக்கும். சதுர முனையோட நடுவுல இருந்து கயிறு வரைக்கும் 40 சென்டிமீட்டர். 20 கிலோவ 9.81-ஆல பெருக்கி, 0.40-ஆல பெருக்கினா 78.5 நியூட்டன் மீட்டர். ரெஞ்சுக்கும் சொந்த எடை இருக்கு பாருங்க, அத நிறைய பேர் விட்டுடறாங்க. என்னோடது 1.4 கிலோ, விரல் மேல வெச்சு சமமா நிக்கற இடம் பாத்தா தலையில இருந்து 18 சென்டிமீட்டர், அது ஒரு 2.5 சேரும். ஆக 81. எடைய கையில தாங்கி மெதுவா விடணும், டமால்னு விட்டா அந்த அதிர்ச்சியிலயே கிளிக் அடிச்சிடும். ரெஞ்சும் சாயக்கூடாது, 10 டிகிரி சாஞ்சாலே அளவு ஒண்ணரை சதவீதம் குறையும்.

கயிறு கைப்பிடி நடுவுல ஏன்னு கேப்பீங்க. தலை ஆடற பின்னு நட்டுக்கு நேரா இல்ல, சில சென்டிமீட்டர் பின்னாடி இருக்கு, அதனால கைய முன்னாடி பிடிச்சா ஒரு அளவு, பின்னாடி நுனியில பிடிச்சா இன்னொரு அளவு வரும். கைப்பிடியில ஒரு கோடோ வளையமோ இருந்தா அங்கதான் நடுவிரல் வரணும். பைப் மாட்டி நீளத்தைக் கூட்டறது ஏன் தப்புன்னும் இதுலயே தெரிஞ்சுக்கலாம்.

கழட்டறதுக்கு முன்னாடி நான் இதே மாதிரி தொங்கவிட்டப்ப, ஸ்கேல்ல 65 வெச்சாக் கூட 81 பாரத்துக்கு ஒரு தடவை கிளிக் வந்துச்சு, அடுத்த தடவை வரல. கிரீஸ் மாத்தி, நாலஞ்சு தடவை சும்மா கிளிக் அடிக்க விட்டுட்டுப் பாத்தா, 79 வெச்சா பத்துக்கு பத்து தடவை வருது, 82 வெச்சா வரல. டார்க் ரெஞ்சுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 6789, அது 10 நியூட்டன் மீட்டருக்கு மேல அளக்கற இந்த மாதிரி ரெஞ்சுக்கு 4 சதவீதம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விடுது, 81-க்கு அது 3-க்குக் கொஞ்சம் மேல. அப்ப என் ரெஞ்ச் பாஸ். ஒரு எடைய வெச்சு மட்டும் முடிவு பண்ணாம 10 கிலோவுலயும் ஒருக்கா பாத்துக்கிட்டேன். வீட்டு வண்டிக்கு இது தாராளம். ஆனா இன்ஜின் ஹெட்டு, கனெக்டிங் ராடு, இல்ல தொழிலுக்கு உபயோகிக்கற ரெஞ்ச்னா லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்கற என்ஏபிஎல் ஒத்துக்கிட்ட லேப்ல குடுத்து சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, அதுல குறுக்கு வழி வேண்டாம். வருஷம் ஒருக்கா, இல்லைன்னா 5000 கிளிக்குக்கு ஒருக்கா பாக்கணும்னு கணக்கு.

கெடாம இருக்கணும்னா வேலை முடிஞ்சதும் அளவ கடைசி கோட்டுக்கு இறக்கி வெக்கணும், 100-லயே மாசக்கணக்குல விட்டா ஸ்பிரிங் தளந்திடும். அதுக்குன்னு கோட்டுக்கும் கீழ லொடலொடன்னு திருகி விடவும் கூடாது, உள்ள கட்டை இடம் மாறி சாஞ்சிடும். நட்டு கழட்டறதுக்கு இதை எடுக்கவே எடுக்காதீங்க. என்னோட ரெஞ்ச் 28-ல ஆரம்பிச்சு 210 வரைக்கும் போறது, பைக் டிரெய்ன் போல்ட்டு பலதுக்கு 24, 25-தான், அதுக்கு இது ஆகாது, சின்ன ரெஞ்ச் தனியா வேணும்.

இன்னொரு விஷயம், போல்ட்டுக்கு நல்லதுன்னு மரையில கிரீஸ் தடவிட்டு புக்குல இருக்கற அதே அளவுக்கு இறுக்கறாங்க. நாம குடுக்கற முறுக்குல 100-க்கு 90 பங்கு உராய்வுலயே போயிடுது, ஏறக்குறைய 10 பங்குதான் போல்ட்ட இழுத்துப் பிடிக்குது. கிரீஸ் தடவி உராய்வக் குறைச்சா அதே கிளிக்குக்கு போல்ட்டு மேல இழுப்பு மூணுல ஒரு பங்கு வரைக்கும் கூடிடும். ரெஞ்ச் சரியா சொல்லும், போல்ட்டு அறுந்திடும். புக்குல தடவச் சொல்லியிருந்தா மட்டும் தடவுங்க.

உங்க கிட்ட கேக்கறது ரெண்டுதாங்க. எங்க ஏரியாவுல ஐடிஐ முடிச்சுட்டு வர்ற பசங்க சிலர் என் வீட்டுக்கு வருவாங்க, டார்க் ரெஞ்ச் பிடிக்கத் தெரியுது, அது உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனும் திறந்து பாத்ததில்ல. ஒரு பழைய ரெஞ்ச மேஜை மேல கழட்டிப் போட்டு ஒரு மணி நேரம் காட்டினா போதும், இதைப் பத்தி உங்க பக்கத்துல ஒருக்கா எழுதுங்க, வாத்தியார்கள் கண்ணுல படட்டும். ரெண்டாவது, அடுத்த வாரம் அந்த 'தானா நிறுத்திடும்'ங்கற வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போட்டுடுங்க. அதைப் படிச்சுட்டு புதுசா ரெஞ்ச் வாங்கினவங்க யாராவது இந்த ஞாயித்துக்கிழமை வண்டிக்கு அடியில படுத்திருப்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
கணபதி, கோவை - 6