பிஸ்டன்ஸ் வென்றது அதிர்ஷ்டத்தாலா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் விளையாட்டுப் பக்கத்தில் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதித் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் கடைசிப் பத்தியில் ஒரு வரி. நட்சத்திரங்கள் நிறைந்த அணியைப் பெயர் தெரியாத அணி வீழ்த்துவதெல்லாம் அதிர்ஷ்டம்தான், 2004 இறுதித் தொடரில் டெட்ராய்டு பிஸ்டன்ஸிடம் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் தன் உட்பூசலால் தானே தோற்றுப்போனது என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே கையில் இருந்த காபி ஆறிப்போனது. மனசுதான் ஆறவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

1998 முதல் 2009 வரை நான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்டு பக்கத்தில் டிராய் என்ற ஊரில் குடியிருந்தேன். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பிஸ்டன்ஸ் ஆடிய ஆபர்ன் ஹில்ஸ் அரங்கம் எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் பக்கம். எனவே நான் சொல்வது எங்கேயோ படித்ததல்ல, அந்த ஊரில் இருந்து பார்த்தது.

ஏழு ஆட்டத் தொடரைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆட்டம் என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எறிவதெல்லாம் கூடையில் விழுகிற ராத்திரி ஒன்று எல்லோருக்கும் வரும். ஆனால் தொடரை வெல்ல அதே எதிரியை நான்கு தடவை தோற்கடிக்க வேண்டும். இன்று நாம் செய்ததை அவன் நாளை வீடியோவில் பார்த்துவிடுவான், மறுநாள் அதற்கு மருந்தோடு வருவான். பெரும்பாலான தொடர்களில் பெரிய அணியே ஜெயிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஊரே பெரியது என்று சொன்ன அணி 4-1 என்று தோற்றால் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க முடியாது.

2004-இல் லேக்கர்ஸில் யார் யார் இருந்தார்கள் என்று தாங்களே பட்டியல் போட்டிருந்தீர்கள். ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன், பயிற்சியாளராக ஃபில் ஜாக்சன். ஓ'நீலும் கோபியும் 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று பட்டம் வென்றவர்கள். மலோனும் பேட்டனும், பட்டம் வென்றவர்களுக்குக் கிடைக்கும் மோதிரம் இல்லாமல் ஓய்வு பெறக் கூடாது என்று சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அங்கே போனவர்கள். எல்லாம் சரி. எதிரணியில் யார் இருந்தார்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அங்கேதான் எனக்கு வலித்தது.

நான் எழுதுகிறேன், தயவுசெய்து படியுங்கள். பென் வாலஸ், புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில், 1996-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காதவர். 2000-இல் கிராண்ட் ஹில் என்ற பெரிய நட்சத்திரம் டெட்ராய்டை விட்டு ஆர்லாண்டோவுக்குப் போனபோது, ஈடாகக் கிடைத்தவர்களில் ஒருவர். ஊர்க்காரர்கள் அன்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சான்சி பில்லப்ஸ், முதல் சீசன் முடிவதற்குள்ளேயே பாஸ்டன் தள்ளிவிட்டு, டொராண்டோ, டென்வர், மினசோட்டா என்று ஊர் ஊராகச் சுற்றி 2002-இல் வந்தவர். டேஷான் பிரின்ஸ் டிராஃப்டில் 23-ஆவதாகத் தேர்வானவர். ரிச்சர்ட் ஹாமில்டன் வாஷிங்டன் மாற்றி அனுப்பியவர், மூக்கு உடைந்ததால் முகமூடி போட்டுக்கொண்டு ஆடினார். ரஷீத் வாலஸ் அந்த பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு, சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு இந்த ஐந்து பேரில் போனவர் பென் வாலஸ் ஒருவர்தான்.

அந்த சீசனில் ஒரு நாள் மேல்தட்டு சீட்டில் உட்கார்ந்து அவர் ஆடியதை நேரில் பார்த்தேன். டிவியில் காமிரா பந்தின் பின்னாலேயே போகும், அதனால் பந்து இல்லாத இடத்தில் நடப்பது தெரியாது. மேலிருந்து பார்த்தால் தெரியும். எதிரணி ஆள் பந்தை எறியக் கையைத் தூக்கும்போதே பென் வாலஸ் பந்தைப் பார்ப்பதை விட்டுவிடுவார். பக்கத்தில் நிற்கும் ஆளைத் தேடி, அவன் வயிற்றில் தன் முதுகை வைத்து, காலை அகட்டி, ஒரு அடி வெளியே தள்ளுவார். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த ஒரு அடி இடம் அவருடையதாக இருக்கும். ஒரு ஆட்டம் முழுக்க, ஒரு தடவையும் சோம்பாமல், இதையே செய்தார். இதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கிறீர்களே, நியாயமா?

இறுதித் தொடரின் முதல் ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில். டெட்ராய்டின் பயிற்சியாளர் லாரி பிரவுன் போட்ட திட்டம் எல்லோருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. ஓ'நீலை இரண்டு பேர் சேர்ந்து மறிப்பதுதான் அன்றைய வழக்கம். பிரவுன் பெரும்பாலும் ஒரே ஒரு ஆளை விட்டார். அவர் போடட்டும், மற்றவர்களுக்குப் பந்து எளிதில் போகக் கூடாது என்பது கணக்கு. ஓ'நீல் 34 போட்டார், கோபி 25 போட்டார். மற்ற அத்தனை பேரும் சேர்ந்து 16. டெட்ராய்டு 87, லேக்கர்ஸ் 75. பிரின்ஸின் நீண்ட கைகள் கோபியின் முகத்துக்கு நேரே இருந்துகொண்டே இருந்தன. தொடர் முடிந்தபோது கோபி எறிந்ததில் கூடையில் விழுந்தது நூற்றுக்கு 38 மட்டும். எறிந்து தவறியதுதானே என்று விட்டுவிடலாம். தவற வைத்தது யார் என்றும் கேட்க வேண்டாமா?

அதிர்ஷ்டம் என்று ஒன்று அந்தத் தொடரில் இருந்திருந்தால், அது இரண்டாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் பக்கம்தான் இருந்தது. டெட்ராய்டு மூன்று புள்ளி முன்னிலை. 2.1 வினாடி மிச்சம் இருக்கும்போது கோபி தூரத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே போய்ச் சமமானது. கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் 99-91 என்று வென்றது. அன்று அடுத்த வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிவியை அணைத்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வாசல் வரை வந்து என்னை வழியனுப்பும்போது, "அடுத்த மூன்றும் நம்ம ஊரில்தான்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மூன்றையும் வென்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் 88-68. நான்காவதில் 88-80. ஜூன் 15 அன்று ஐந்தாவதில் 100-87, பென் வாலஸ் 18 புள்ளி, 22 ரீபவுண்டு (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது). 1985-இல் இறுதித் தொடருக்கு 2-3-2 முறை (முதல் இரண்டும் கடைசி இரண்டும் ஒரு அணியின் ஊரில், நடு மூன்று மற்ற அணியின் ஊரில்) வந்ததிலிருந்து, நடு மூன்று ஆட்டங்களையும் சொந்த அரங்கில் வென்ற முதல் அணி இதுதான்.

மலோனுக்கு முழங்காலில் அடி என்று சொல்வீர்கள். உண்மை, ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை. ஆனால் முதல் ஆட்டத்தில் இருந்தாரே? ஓ'நீலும் கோபியும் கடைசி வரை ஆடினார்களே? ஓ'நீலுக்கும் கோபிக்கும் ஒத்துப்போகவில்லை என்பதும் ஊரறிந்த விஷயம். அப்படிப் பேசாமல்தான் மூன்று பட்டம் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

2011 இறுதித் தொடரைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிரிஸ் பாஷ் மூவரும் மயாமியில் சேர்ந்த முதல் ஆண்டு. எதிரே டாலஸ், டிர்க் நோவிட்ஸ்கியைச் சுற்றி வயதான ஆட்கள். ஜேசன் கிட்டுக்கு அப்போது 38 வயது. இரண்டாம் ஆட்டத்தில் ஏழு நிமிடம் மிச்சம் இருக்கும்போது டாலஸ் 15 புள்ளி பின்தங்கியிருந்தது, 95-93 என்று வென்றது. நான்காம் ஆட்டத்தில் நோவிட்ஸ்கி காய்ச்சலோடு ஆடினார். அதே ஆட்டத்தில் லெப்ரானை 8 புள்ளியில் நிறுத்தினார்கள். மயாமியின் மூவருக்கும் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. தொடர் 4-2. இதுவும் அதிர்ஷ்டமா?

எழுத உட்கார்ந்துவிட்டேன், பழையதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் தங்கள் இதழில் பென் வாலஸையும் ரஷீத் வாலஸையும் அண்ணன் தம்பி என்று அச்சிட்டிருந்தீர்கள். இருவருக்கும் எந்த உறவும் கிடையாது. அன்றே கார்டு போட்டேன். திருத்தம் வரவில்லை. இன்னொரு தடவை கூடைப்பந்தில் "கோல்" போட்டதாக எழுதினீர்கள். அதற்கும் எழுதினேன். என் கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, இதழ் சிறப்பாக இருக்கிறது என்ற வரியை மட்டும் போட்டிருந்தீர்கள். இடநெருக்கடி இருக்கும், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மனம் கஷ்டப்பட்டது.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்ல வேண்டும். 1983-இல் பள்ளி அணிக்கு ஆடினேன். மாவட்ட இறுதி ஆட்டம், சிமென்ட் கோர்ட். எதிரணியில் மாநில அணிக்குத் தேர்வான ஒரு பையன், எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். எங்கள் பி.டி. மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவன்கிட்ட பந்து போற வழியை அடைங்கடா." ஆட்டம் முழுக்க நான் அவனுக்கும் பந்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கிடைத்தது இரண்டே புள்ளி. மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். மறுநாள் காலையில் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேப்பர் இரண்டு பிரதி வாங்கிவந்தார். படம் தோற்ற பையனுடையது. அவனுக்கு அன்று நேரம் சரியில்லையாம். எங்கள் பள்ளிப் பெயர் கடைசி வரியில், அதுவும் எழுத்துப் பிழையோடு. அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு பிரதியையும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அது ஒரே ஆட்டம், அதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஐந்து பேர் ஒரு மாபெரும் அணியை நான்கு தடவை மடக்கியதை அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் கேட்பது பெரிதில்லை. 2004 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது சான்சி பில்லப்ஸுக்குக் கிடைத்தது. தங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் அந்தப் பெயரை அச்சிடுங்கள். கூடவே, இரண்டு வாலஸும் சகோதரர்கள் அல்ல என்ற திருத்தத்தையும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கோயம்புத்தூர்