‘எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்’ என்று விற்ற ஹெட்செட் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: தவறான விவரத்துடன் விற்ற ஹெட்செட்டுக்குப் பணத்தைத் திரும்பக் கோருதல்

ஐயா,

சென்ற மாதம் உங்கள் தளத்தில் 1,450 ரூபாய் கொடுத்து மரை வைத்த 1 இன்ச் ஹெட்செட் (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங் செட்) ஒன்று வாங்கினேன். என் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய ஜப்பான் ஸ்டீல் சைக்கிளுக்காக. அதன் பழைய ஹெட்செட்டில், ஃபிரேமுக்குள் பொருந்தும் கிண்ணமான கப்பில் பள்ளம் விழுந்து, ஹேண்டில் நேராக வந்ததும் ‘டக்’கென்று பிடித்துக்கொள்கிறது. உங்கள் தளத்தில் இருந்த விவரம் ஒரே வரி: ‘1 இன்ச், எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்.’ பெட்டியிலும் அவ்வளவுதான்.

எங்கள் தெரு மெக்கானிக் மேல் நட்டை முதலில் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஏறியது. “சரியான சாமான்தான் தம்பி” என்றார். ஆனால் கீழ் கோன், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டிய வளையம், உட்காரவே இல்லை. இரண்டு தட்டு தட்டிவிட்டு, நல்லவேளை, சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு வெர்னியரில் அளந்தோம். உங்கள் கோனின் உள்விட்டம் 26.4 மி.மீ.; ஃபோர்க்கில் அது உட்கார வேண்டிய இடம் 27.0. உங்கள் கப்பின் வெளிவிட்டம் 30.2, கழற்றிய பழைய கப் 30.0.

நீங்கள் அனுப்பியது ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர) அளவு. என் சைக்கிள் ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர) அளவு. ‘1 இன்ச்’ என்பது ஃபோர்க் தண்டின் விட்டம் மட்டுமே. அது இரண்டிலும் ஒன்றுதான். மரையும் இரண்டிலும் இன்ச்சுக்கு 24. அதனால்தான் நட்டு ஏறி எங்களை ஏமாற்றியது. உதிரிபாகம் விற்கும் உங்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல.

உங்கள் உதவி மையத்தில் பேசியவர், “ஃபோர்க்கைக் கொஞ்சம் அரம் போட்டுக்கோங்க சார்” என்றார். அந்த இடத்தைக் கடைவதற்கென்று தனி கட்டர் இருக்கிறது. கையால் அரம் போட்டால் கோன் கோணலாக உட்காரும். கப்புக்காக ஃபிரேமின் வாயையும் அகலப்படுத்த வேண்டியிருக்கும். 1,450 ரூபாய்ச் சாமானுக்காக மாமாவின் சைக்கிளைச் சுரண்ட எனக்கு மனமில்லை.

திருப்பி அனுப்பினேன். ‘கோனில் கீறல் உள்ளது, பயன்படுத்திய பொருள்’ என்று மறுத்துவிட்டீர்கள். கோன் 26.4 என்று தளத்தில் போட்டிருந்தால் பெட்டியையே பிரித்திருக்க மாட்டேன், வாங்கியே இருக்க மாட்டேன். அளவைச் சொல்லாமல் விற்றுவிட்டு, மாட்டிப் பார்த்ததைக் குற்றம் என்பது என்ன நியாயம்? விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

பொருளின் விலை 1,450, கூரியர் 110, மெக்கானிக் கூலி 200, ஆக 1,760 ரூபாயை 15 நாளில் திருப்பித் தாருங்கள். இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ‘எல்லா சைக்கிளுக்கும்’ என்ற வரியை எடுத்துவிட்டு 30.2, 26.4, 24 என்ற மூன்று எண்களையும் அங்கே போடுங்கள். அளந்த படங்களும் ரசீது நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்